புள்ளியாரின் முப்பத்தெட்டு புள்ளி ஆறு

நோயாளிகள் இரண்டு வகை என்று டாக்டர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்: மருந்து சாப்பிடுகிறவர்கள், சாப்பிட்டதாகச் சொல்கிறவர்கள். பாவம், அவர்களுக்கு ஏது நேரம். மூன்றாவது வகையைக் கவனித்ததே இல்லை. இந்த மூன்றாம் வகையாருக்கு மருந்தைப் பற்றியும் கவலை கிடையாது, நோயைப் பற்றியும் கவலை கிடையாது. ரிப்போர்ட் வேண்டும். ரிப்போர்ட்டில் எண் வேண்டும். எண்ணுக்கு நடுவில் ஒரு புள்ளி இருந்தால் இன்னும் விசேஷம்.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கவரை வாங்கியதும் சாதாரண மனிதன் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் போவான். இந்த இனத்தார் அப்படியில்லை. வாசற்படியிலேயே நின்று, கவரின் ஓரத்தை நகத்தால் கீறி, தாளை உருவி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, பெயர் தன்னுடையதுதானா, வயது சரிதானா, ஆண் என்று போட வேண்டிய இடத்தில் ஆண் என்றுதான் போட்டிருக்கிறதா என்று மூன்று முறை சரிபார்த்து, பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிடாமல், அளவு மீறியதைக் காட்டும் தடித்த எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று மேலிருந்து கீழே ஒரு பாய்ச்சல் பாய்வார்கள். தடித்த எழுத்து இருந்தால் முகம் வெளுக்கும். இல்லையென்றால்? சின்னதாக ஓர் ஏமாற்றம். ஆமாம், ஏமாற்றம்தான். இவ்வளவு தூரம் ஊசி குத்திக்கொண்டது வீணாகிவிட்டதே!

இந்த இனத்தின் உத்தமமான மாதிரி ஒருவர் இருக்கிறார். எடையளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசுகளையும் எடைக்கற்களையும் துணி அளக்கும் கோல்களையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்தி, சரியாக இல்லையென்றால் நோட்டீஸ் குத்துவது அவர் உத்தியோகம். இருபத்தாறு வருஷமாகக் குத்திக்கொண்டிருக்கிறார். மனிதர்கள் பொய் சொல்வார்கள், முள் சொல்லாது என்பது அவருடைய வேதம். அவரைக் கண்டால் மளிகைக்கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். பழக்கடைக்காரர்கள் தராசைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவருடைய வலது முழங்கையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்புத் திட்டு வந்தது. பிறகு இடது முழங்கையில். பிறகு முழங்காலில், காதுக்குப் பின்னால், தலையில். அரிப்பு. சொறிந்தால் வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்ந்தது. தோல் டாக்டரம்மா பார்த்துவிட்டு, "சொரியாசிஸ். யாருக்கும் ஒட்டாது, உயிருக்கு ஒண்ணும் ஆகாது, ஒரேயடியா போகவும் போகாது. அடக்கி வச்சுக்கலாம்," என்றார். மனிதர் உடைந்துபோனார். பத்து நாள் யாரோடும் பேசவில்லை. முழுக்கைச் சட்டையை இறக்கிவிட்டு, பித்தான் போட்டு, வெயிலிலும் புழுக்கத்திலும் அப்படியே திரிந்தார். அலுவலகத்தில் யாராவது கை கொடுக்க வந்தால் மேஜையிலிருந்த கோப்பு ஒன்றை எடுத்து நீட்டினார்.

அந்தச் சோகத்தைப் போக்கியது மருந்து இல்லை. ஒரு ரத்தப் பரிசோதனை.

உடம்புக்குள் எங்காவது அழற்சி இருந்தால் ரத்தத்தில் சி.ஆர்.பி. என்று ஒரு புரதம் கூடும், இ.எஸ்.ஆர். என்று இன்னொரு கணக்கும் ஏறும். டாக்டரம்மா அந்த இரண்டையும் ஒருமுறை பார்த்துவைக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். ரிப்போர்ட் வந்தது. சி.ஆர்.பி. எட்டு புள்ளி மூன்று. ஐந்துக்குள் இருக்க வேண்டும் என்று பக்கத்திலேயே போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் நம்மவர் முதுகு நிமிர்ந்தது. தன்னுடைய நோய்க்கு ஓர் அளவு இருக்கிறது! அதற்கு ஒரு முள் இருக்கிறது! இனி அதைப் பார்த்துக்கொண்டால் போதும், முழங்கையை எதற்குப் பார்க்க வேண்டும்?

"இதை மட்டும் நம்பிடாதீங்க," என்று டாக்டரம்மா அன்றைக்கே சொன்னார். "இது பக்கத்து வீட்டுல சத்தம் கேக்குதுன்னு சொல்ற மாதிரிதான். யாரு யாரை அடிக்கிறாங்கன்னு சொல்லாது. சில பேருக்குத் தோல் முழுக்க இருக்கும், இது ஏறவே ஏறாது."

அவர் காதில் 'எட்டு புள்ளி மூன்று' தவிர வேறொன்றும் விழவில்லை.

அன்றிலிருந்து மாதம் ஒரு பரிசோதனை. டாக்டர் எழுதிக் கொடுத்தால் டாக்டர் சீட்டில், கொடுக்காவிட்டால் தன் இஷ்டத்தில். வீட்டுக் குளிர்பெட்டியின் கதவில் கட்டம் போட்ட தாள் ஒட்டி, சி.ஆர்.பி.க்குச் சிவப்பு மையிலும் இ.எஸ்.ஆருக்கு நீல மையிலும் கோடு வரைந்தார். வந்த விருந்தாளிகள் தண்ணீர் குடிக்கப் போனால் அந்தக் கோட்டைப் பற்றி அரைமணி நேரம் கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் குடிக்க முடியும். சிலர் வீட்டிலேயே தண்ணீர் குடித்துவிட்டு வர ஆரம்பித்தார்கள்.

அவர் மனைவி நாலாம் வகுப்பு டீச்சர். முப்பத்தைந்து பிள்ளைகள் ஒரே நேரத்தில் பொய் சொன்னாலும் முகம் மாறாமல் கேட்கிற பொறுமை அவருக்கு உண்டு. அவரே சிலநாள் திணறுவார்.

"இன்னிக்கு அரிப்பு எப்படி இருக்கு?"

"நாலு புள்ளி ரெண்டு."

"அரிப்பு எப்படி இருக்குன்னு கேட்டேன்."

"அதான் சொல்றேனே, நாலு புள்ளி ரெண்டு."

"அரிக்குதா, அரிக்கலையா?"

"நாலு புள்ளி ரெண்டுல எப்படிம்மா அரிக்கும்?" என்று சொல்லிக்கொண்டே அவர் கதவு நிலையில் முழங்கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார், தூணில் உரசும் மாடு மாதிரி.

புதன்கிழமைகளில் தோல் டாக்டரின் காத்திருப்புக் கூடம்தான் அவருடைய தர்பார். டோக்கன் கொடுப்பதற்கு அரைமணி நேரம் முன்பே போய், மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலியைப் பிடித்துக்கொள்வார். சட்டைப் பையில் அலுவலக உருப்பெருக்கிக் கண்ணாடி. பக்கத்தில் வந்து உட்காருகிறவரிடம் பெயர் கேட்க மாட்டார், தொழில் கேட்க மாட்டார். "சி.ஆர்.பி. எவ்வளவு?" என்பார். யாராவது வெள்ளந்தியாக "ஏழுங்க" என்று சொன்னால், "ஏழா, ஏழு புள்ளி எதாவதா?" என்பார். முதுகெல்லாம் திட்டு வந்து அவதிப்பட்ட ஒரு லாரி ஓட்டுநர்தான் அவருக்குப் 'புள்ளியார்' என்று பெயர் வைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. தோல் நோய் ஒட்டாது, பெயர் ஒட்டும்.

அந்தக் கூடத்துக்கு ஒரு தையல்காரம்மாவும் வந்துகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது, சொந்தத் தையல் கடை, உள்ளங்கை இரண்டிலும் நாள்பட்ட கரப்பான். விரல் மடிப்பெல்லாம் வெடித்து, துணியில் ரத்தக்கறை பட்டுவிடுமோ என்று பயந்து பயந்து தைப்பார். களிம்பு போட்டால் அடங்கும், விட்டால் ஏறும். அவர் ஒரு புதன்கிழமை தன் முதல் ரத்த ரிப்போர்ட்டைப் புள்ளியாரிடம் நீட்டினார். நீட்டாமல் இருந்திருக்கலாம்.

புள்ளியார் கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். எழுந்தே நின்றுவிட்டார்.

"ரெண்டு புள்ளி ஒண்ணு! இ.எஸ்.ஆர். ஒன்பது! அம்மா, உங்களுக்கு இங்க என்ன வேலை?"

"கை எரியுதே சார்."

"எரியுற மாதிரி இருக்கும். ரொம்ப நாள் எரிஞ்சதால பழக்கம் விடல. ரத்தம் பொய் சொல்லாது."

"அப்ப களிம்பு போட வேண்டாமா?"

புள்ளியார் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் என்ன டாக்டரா? அதைவிட மோசமான காரியம் செய்தார், புன்னகை செய்தார். "தீயே இல்லாத வீட்டுல யாராவது தண்ணி ஊத்துவாங்களா?" என்றார்.

தையல்காரம்மா கையிலிருந்த பதினேழாம் எண் டோக்கனைக் கவுண்டரில் திருப்பிக் கொடுத்துவிட்டு, டாக்டரைப் பார்க்காமலே, சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போனார். புள்ளியாருக்கு அன்றைக்கு இரவுச் சாப்பாடு ரொம்ப ருசித்தது.

ஆனால் ஒரு பக்கமாகத்தான் மென்றார். மூன்று வாரமாகவே அப்படித்தான். வலது கீழ்த் தாடையின் கடைசிப் பல் விண்விண் என்று தெறித்தது. பிஸ்கட்டைத் தேநீரில் முக்கி இடது பக்கமாகத் தள்ளித் தள்ளி விழுங்கினார். "பல் வலியா?" என்று மனைவி கேட்டபோதெல்லாம் "இல்லையே" என்றார். பல்வலிக்கு ரிப்போர்ட் கிடையாது, புள்ளி கிடையாது. அளக்க முடியாத வலியை அவர் எப்படி வலி என்று ஒத்துக்கொள்வார்?

உண்மையான காரணம் வேறு. மனைவியின் தம்பி பல் டாக்டர். எட்டு மாதத்துக்கு முன்னால் அந்தத் தம்பி புதுக் கிளினிக் திறந்தார். திறப்பு விழாவுக்கு வந்த புள்ளியார், வரவேற்பறையில் ஆள் எடை பார்க்கும் இயந்திரம் இருப்பதைக் கண்டார். ஏறி நின்றார். இறங்கினார். யாருமே நிற்காதபோது முள் நானூறு கிராம் காட்டியது. முத்திரையும் இல்லை. பையிலிருந்து நோட்டீஸ் புத்தகத்தை எடுத்து, விருந்தினர் அத்தனை பேர் முன்னாலும், மைத்துனனின் மாமனார் பழரசம் குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க, கிழித்துக் கொடுத்துவிட்டார். மைத்துனன் பதிலுக்குக் குளிர்பெட்டிக் கோட்டைப் பற்றி, "பல்லி மையில விழுந்து ஓடின மாதிரி இருக்கு," என்றார். அன்றோடு பேச்சு முறிந்தது. இப்போது அவரிடம் போய் வாயைத் திறப்பதா? பல் போனாலும் போகட்டும், மானம் போகலாமா?

இப்படி இருக்கையில் ஒரு திங்கட்கிழமை அந்த மாத ரிப்போர்ட் வந்தது.

முப்பத்தெட்டு புள்ளி ஆறு.

தடித்த எழுத்து. பக்கத்தில் மேல்நோக்கிய அம்பு. புள்ளியார் பரிசோதனை நிலையத்தின் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பதினோரு வருஷத்தில் பத்தைத் தாண்டியதில்லை. குளிர்பெட்டித் தாளில் முப்பத்தெட்டுக்குக் கட்டமே இல்லை. அந்தக் கோட்டைப் போட வேண்டுமென்றால் தாளைத் தாண்டி, குளிர்பெட்டியைத் தாண்டி, சுவரில் அல்லவா போட வேண்டும்!

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி முழங்கையைப் பார்த்தார். பளிங்கு மாதிரி இருந்தது. புதுக் களிம்பு வேலை செய்து, பதினோரு வருஷத்தில் இல்லாத அளவுக்குத் தோல் தெளிந்திருந்தது. முழங்காலிலும் ஒன்றுமில்லை. காதுக்குப் பின்னால் கூட ஒன்றுமில்லை. வேறு யாராக இருந்தாலும் துள்ளிக் குதித்திருப்பார்கள்.

"உள்ள போயிடுச்சு," என்றார் புள்ளியார், செத்த குரலில்.

"எது?"

"நோய். வெளிய இருந்தது எல்லாம் உள்ள போயிடுச்சு. இல்லன்னா முப்பத்தெட்டு புள்ளி ஆறு எங்கேர்ந்து வரும்?"

அன்று மாலையே வேட்டை ஆரம்பமாயிற்று. துணி துவைக்கும் பவுடர் வெளியே போனது. புதுத் தலையணை போனது. திரைச்சீலை போனது. பக்கத்து வீட்டுப் பூனை ஜன்னல் விளிம்பில் வந்து உட்காரக் கூடாது என்று பூனையிடமே சொன்னார். அது கேட்டுக்கொண்டு அங்கேயே தூங்கியது. சோபாவின் உறைதான் காரணமாக இருக்கும் என்று அதை உருவினார். உறை போனதும் பஞ்சுதான் காரணம் என்று தோன்றியது. மூன்றாம் நாள் வீட்டில் உட்கார இடமில்லை. மனைவி சமையலறைத் தரையில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் திறந்ததும் நடத்த வேண்டிய பாடத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டே கேட்டார்:

"இத்தனையும் தூக்கி எறிஞ்சீங்களே, அந்த வலது பக்கக் கன்னம் வீங்கியிருக்கே, அதை எப்ப எறியப் போறீங்க?"

"கன்னமா? அது குண்டாயிட்டேன்."

"ஒரு பக்கம் மட்டுமா?"

அவர் பேச்சை மாற்றினார். இன்னொரு யோசனை அவருக்கு உதித்திருந்தது. முள் பொய் சொல்லாது, சரி. ஆனால் சரிபார்க்காத முள்? வேறு இரண்டு நிலையங்களில் ரத்தம் கொடுத்தார். ஒன்றில் நாற்பத்தொன்று, இன்னொன்றில் முப்பத்தாறு புள்ளி ஒன்பது. மூன்று தராசு, மூன்று எடை! அவருக்குள்ளிருந்த ஆய்வாளர் சிலிர்த்து எழுந்தார். முதல் நிலையத்துக்கே அடையாள அட்டையோடு திரும்பிப் போனார்.

"உங்க மெஷினைப் பாக்கணும்," என்றார் ரத்தம் எடுக்கும் பெண்ணிடம்.

"எதுக்கு சார்?"

"முத்திரை எங்க?"

"என்ன முத்திரை?"

"அளக்குற கருவின்னா முத்திரை இருக்கணும். ஜீரோ காட்டுதா? ஒண்ணுமே வைக்காதப்ப எவ்வளவு காட்டுது?"

"சார், அதுல ரத்தம் வைப்பாங்க. உருளைக்கிழங்கு இல்ல."

உள்ளேயிருந்து மேலாளர் வந்தார். தினமும் காலையில் சரிபார்க்கிறோம் என்று பதிவேட்டைக் காட்டினார். இடத்துக்கு இடம் கொஞ்சம் முன்னே பின்னே வருவது சகஜம்தான் என்றார். கடைசியில் அனுதாபத்தோடு, "சார், மூணு இடத்துலயும் அதிகம்னுதானே வந்திருக்கு? டாக்டரைப் பாருங்க," என்றார். நல்ல யோசனைதான். புள்ளியாருக்கு மட்டும் இதுவரை தோன்றவில்லை.

அடுத்த வாரப் புதன்கிழமை, பதினோரு வருஷத்தில் முதல் முறையாக, பள்ளிக்கூட விடுமுறையில் இருந்த மனைவியும் உடன் வந்தார். புள்ளியார் மின்விசிறி நாற்காலியைத் தேடவில்லை. ஓரமாகப் போய் உட்கார்ந்தார். எதிர் நாற்காலியில் தையல்காரம்மா இருந்தார். இரண்டு கையிலும் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது, மணிக்கட்டு வரை.

புள்ளியார் தன் டோக்கன் எண்ணைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

அந்த அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். "சார், நீங்க சொன்னது சரிதான். ரத்தம் நல்லாத்தான் இருந்துச்சு," என்றார். "கைக்குத்தான் அந்த விஷயம் தெரியல."

"களிம்பு...?"

"அன்னிக்கே நிறுத்திட்டேன். ஒரு வாரத்துல பாளம் பாளமா வெடிச்சிடுச்சு. ஊசி பிடிக்க முடியல, கத்திரி பிடிக்க முடியல. பள்ளிக்கூடத்துச் சீருடை அறுபது ஆர்டர் எடுத்திருந்தேன். இருபத்திரண்டு பாக்கி. பள்ளிக்கூடம் திறக்க ரெண்டு வாரந்தான் இருக்கு. அடுத்த வருஷம் வேற கடைக்குக் குடுத்துடுவாங்க." சொல்லிவிட்டுத் தன் கைகளைப் பார்த்தார். "உங்களைக் குத்தம் சொல்லல சார். அப்படி யாராவது சொல்லமாட்டாங்களான்னுதான் நானும் இருந்தேன். நீங்க சொன்னீங்க."

புள்ளியார் சட்டைப் பையிலிருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியை இன்னும் உள்ளே தள்ளினார். இத்தனை பேர் தராசில் குறை கண்டுபிடித்து எழுதியவர் அவர். எடை குறைத்து விற்றவன் கூட இந்த அளவுக்கு யாரையும் ஏமாற்றியிருக்க மாட்டான் என்று தோன்றியது. முழங்கை அரிக்கவில்லை; வேறெங்கோ அரித்தது.

உள்ளே போனதும் மூன்று ரிப்போர்ட்டுகளையும் மேஜைமேல் சீட்டுக்கட்டு மாதிரி விரித்தார். டாக்டரம்மா அவற்றைத் தள்ளி வைத்துவிட்டு அவர் முழங்கையைப் பார்த்தார், முழங்காலைப் பார்த்தார், தலையைக் கோதிப் பார்த்தார்.

"இவ்வளவு நல்லா உங்க தோலை நான் பார்த்ததே இல்லையே. இது தோலோட வேலை இல்ல. வேற எங்கயாவது வலி இருக்கா?"

"இல்ல டாக்டர்."

"காய்ச்சல்?"

"இல்ல."

"டாக்டர்," என்றார் மனைவி, வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்த்துப் பேசும் குரலில். "வாயைத் திறக்கச் சொல்லுங்க."

"நல்லாத்தான் இருக்கு—"

"திறங்க."

நாலாம் வகுப்பு டீச்சர் சொன்னால் திறக்காத வாய் உலகத்தில் உண்டா? டாக்டரம்மா விளக்கை அடித்துப் பார்த்தார். பிறகு இருமுவது போலச் சிரிப்பை மறைத்துக்கொண்டார். கடைசிப் பல்லின் அடியில் ஈறு சீழ் கட்டி, திராட்சைப்பழம் மாதிரி புடைத்துக்கொண்டிருந்தது.

"இங்க இருக்கு உங்க முப்பத்தெட்டு. உடனே பல் டாக்டர்கிட்ட போங்க, நாளைக்கு நாளன்னிக்குன்னு தள்ளாதீங்க. பக்கத்துத் தெருவுல ஒருத்தர் புதுசா கிளினிக் திறந்திருக்காரே, அவர் கெட்டிக்காரர்." சீட்டில் எழுதிய பெயரைப் பார்த்ததும் புள்ளியாரின் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

எட்டு மாதத்துக்குப் பிறகு மைத்துனன் சொன்ன முதல் வார்த்தை: "வாயைத் திறங்க அத்தான்."

அத்தான் திறந்தார். மரத்துப்போகும் ஊசி, உறிஞ்சும் குழாய், பஞ்சு, கண்ணாடி என்று அந்த வாய்க்குள் ஒரு சின்னப் பட்டறையே குடியேறியது. மைத்துனன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சாவகாசமாக ஆரம்பித்தார்.

"ரொம்ப நாளா உங்ககிட்ட மனசு விட்டுப் பேசணும்னு இருந்தேன் அத்தான். என் மாமனார் முன்னாடி நோட்டீஸ் குடுத்தீங்களே, அது தப்புதானே?"

"ஆ," என்றார் புள்ளியார். மறுப்பாகத்தான் சொன்னார்.

"ஒத்துக்கிட்டீங்களே, அதுவே பெரிய மனசு. மன்னிப்புக் கேக்கறீங்களா?"

"ஆ! ஆஆ!"

"அழாதீங்க அத்தான், குடும்பம்னா ஆயிரம் இருக்கும். நானும் அந்தப் பல்லி விஷயம் சொல்லியிருக்கக் கூடாது. சரியாப் போச்சா?"

"ஆ," என்றார் புள்ளியார். இந்த முறை அது என்ன அர்த்தத்தில் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. கண்ணோரத்தில் ஈரம் மட்டும் இருந்தது. ஊசி வலியாகவும் இருக்கலாம்.

சீழை வெளியேற்றிப் பல்லை எடுத்து, கிண்ணத்தில் டங் என்று போட்டார் மைத்துனன். "இதோ உங்க முப்பத்தெட்டு."

"ஹுள்ளி ஆறு," என்றார் புள்ளியார், பஞ்சுக்கு நடுவே.

மறுநாள் சாயங்காலம், கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அவர் தையல் கடைக்குப் போனார். தையல்காரம்மா நாற்காலியில் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அவருடைய நாத்தனார் மெஷினில் இருந்தார். நாத்தனாருக்கு மெஷின் ஓட்டத் தெரியும். அளவெடுக்கவோ துணியில் குறிபோட்டு வெட்டவோ வராது. துணியெல்லாம் மடித்தபடி கிடந்தது.

"என்னால வந்த வினை," என்றார் புள்ளியார். "எனக்கு வேற ஒண்ணும் தெரியாதும்மா. அளக்கத் தெரியும். தினமும் ஆபீஸ் விட்டு வந்துடறேன். நீங்க சொல்லுங்க, நான் குறி போடறேன்."

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "துணியாவது பொய் சொல்லாம இருக்கும்," என்றார். "வாங்க."

முதல் நாளே வம்பு. கடை டேப்பைத் தன் இரும்பு அளவுகோலில் வைத்துப் பார்த்து, இழுபட்டு இரண்டு மில்லிமீட்டர் நீண்டிருப்பதாக அறிவித்தார். காலருக்கு நாலு முறை அளவு எடுத்தார். சீருடைக்கு அளவு கொடுக்க வந்த பிள்ளை மூச்சுத் திணறியது. ஆனால் வெட்டிய துணி வெட்டியபடி பொருந்தியது. இருபத்திரண்டு இருபதாயிற்று, பதினாறாயிற்று.

நான்காம் நாள் ஒரு பெரியவர் கால்சட்டை தைக்க வந்தார். புள்ளியார் இடுப்பைச் சுற்றி டேப்பைப் போட்டு, கடை முழுக்கக் கேட்கும்படி, "நாப்பத்திரண்டு புள்ளி ஏழு!" என்றார்.

"நாப்பதுன்னு போடுங்க," என்றார் அவர், வயிற்றை உள்ளே இழுத்து.

"எப்படிங்க போட முடியும்?"

"எனக்கு எப்பவும் நாப்பதுதான்."

"உங்களுக்கு எப்பவும் நாப்பது. டேப்புக்கு அப்படி இல்ல."

பெரியவர் துணியைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். தையல்காரம்மா ஓடிப்போய்க் கெஞ்சிக் கூட்டிவந்து உட்காரவைத்துவிட்டு, புள்ளியாரை மெஷினுக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

"சார், வர்றவங்க எல்லாரும் வயித்தை இழுத்துக்குவாங்க. நாப்பதுன்னுதான் சொல்லுவாங்க. நாமளும் தலையாட்டி நாப்பதுன்னு எழுதி, கண்ணால ஆளைப் பார்த்து, மூணு அங்குலம் கூட்டி வெட்டணும். சட்டம் இல்ல சார் இது. தொழில்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

"அப்ப இந்த நோட்டுல இருக்கறது எல்லாம்...?"

"எழுத்து. அவ்வளவுதான். ஆளைப் பாக்கணும்."

புள்ளியார் நோட்டைப் புரட்டினார். இருபத்தாறு வருஷம் காலடியில் நழுவுவது போல இருந்தது. பிறகு, கடன்காரன் கையெழுத்துப் போடுவது போல, வாழ்க்கையில் முதல் முறையாக, பார்த்தது ஒன்றும் எழுதியது ஒன்றுமாக, நாற்பது என்று எழுதினார். புள்ளி இல்லாமல். பெரியவர் பெருமையாகப் பார்த்தார். கால்சட்டை அளவெடுத்தது மாதிரி பொருந்தியது.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் அறுபதாவது சீருடைக்குப் பித்தான் வைத்தார் நாத்தனார். தையல்காரம்மாவின் கைத்துணி அவிழ்ந்திருந்தது. விரல் மடிப்புகளில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல். காலையும் மாலையும் களிம்பு, இடையில் டாக்டர் சொன்ன பருத்திக் கையுறை. "அரிக்குதா?" என்று புள்ளியார் கேட்டார். கேட்டதும் தனக்கே ஆச்சரியமாக இருந்தது. பதினோரு வருஷத்தில் இன்னொருவரிடம் அந்தக் கேள்வியை அவர் கேட்டதில்லை.

"கொஞ்சம்," என்றார் அந்த அம்மா. "ஆனா தூங்க முடியுது."

மறு புதன்கிழமை மறுபரிசோதனை. புள்ளியார் அந்தக் கவரைப் பிரிக்காமலே கொண்டுபோனார். பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம். மனைவிதான் அதைத் தன் கைப்பையில் வைத்து, கைப்பையின் மேல் கையை வைத்து, வழி நெடுக அவரைப் பார்த்துக்கொண்டே வந்தார். டாக்டரம்மா பிரித்தார். படித்தார். தலையசைத்தார். எண்ணைச் சொல்லாமல் மடித்துக் கோப்பில் வைத்தார்.

"நல்லது. தோல் எப்படி இருக்கு?"

"இடது முழங்கையில லேசா ஒரு திட்டு வந்திருக்கு டாக்டர். ராத்திரி அரிக்குது."

"பார்க்கலாம். சட்டையை மடிங்க."

பார்த்தார். எழுதினார். கொடுத்தார். புள்ளியார் எழுந்தார், கதவு வரை போனார், பிடியில் கை வைத்தார். அங்கே நின்றார். திரும்பினார். வாய் திறந்தது. மனைவி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். வாய் மூடியது.

"ஒண்ணுமில்ல டாக்டர். போயிட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

போய்விட்டாரா? போய்விட்டார். கூடத்தைத் தாண்டி, படியிறங்கி, தெருவில் மனைவியோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு போகிறார். அதோடு கதை முடிந்தது. நீங்கள் மட்டும் இன்னும் அந்த அறையிலேயே நின்றுகொண்டு, டாக்டரம்மாவின் தோளுக்கு மேலாக அந்தக் கோப்பை எட்டி எட்டிப் பார்க்கிறீர்களே, எதற்கு?